புல்லுதானேன்னு சொல்லாதீங்க

முதல்லயே சொல்லிடறேன். இது பயணக் கட்டுரை இல்லை. "மூணாறில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" தேடி வந்தவங்க அப்படியே அடுத்த கடைக்குப் போயிடலாம். இது சண்டைப் பதிவு. உள்குத்து எதுவும் கிடையாது, நேர்க்குத்து மட்டும்தான்.

விஷயம் இதுதான் மக்களே. இங்கே ஷெஃபீல்டுல நாங்க ஏழு தமிழ்க் குடும்பம் சேர்ந்து வர்ற டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போறோம். பொங்கலுக்கு முன்னாடி நாலு ராத்திரி மூணாறு. சின்னக்கானல் பக்கம் மலை முகட்டுல ஒரு ரிசார்ட், 26 தலை, ஆறு வண்டி. ராஜமலை, மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைன்னு ஒரு நாளைக்கு மூணு இடம். ராத்திரி கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர், பார்பிக்யூ. எக்ஸெல் ஷீட் ரெடி. பேங்க்காரன்கிறதால சரிபார்க்க என்கிட்ட அனுப்பினாங்க.

பார்த்தேன். கூட்டல் சரியா இருக்கு. ஆனா கணக்கு உதைக்குது. அதைத்தான் எழுதறேன். இந்த ஏழு குடும்பத்துக்கு மட்டும் இல்லை. துபாய், சிங்கப்பூர், டொரண்டோ, மெல்போர்ன்ல உட்கார்ந்து இதே மாதிரி ஷீட் போட்டுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

நான் யாருன்னு ஒரு வரி. பொறந்தது எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. கேரளான்னா பச்சைப்பசேல்னு நினைக்கிறவங்க எங்க ஊருக்கு வந்தா ஏமாந்துடுவாங்க. மேற்கே கொட்டுற மழை எங்களுக்கு வர்றதுக்குள்ள களைச்சுப் போயிடும். பக்கத்துப் பெரிய ஊர் பொள்ளாச்சி. வீட்ல தமிழ், ரேஷன் கார்டுல மலையாளம். தமிழ்நாட்ல போனா "நீங்க மலையாளியா?"ம்பாங்க, திருச்சூர்ல போனா "பாண்டி"ம்பாங்க. அதனால மூணாறைப் பத்திப் பேசுறப்போ எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும். பொறுத்துக்கோங்க.

குற்றச்சாட்டு ஒண்ணு: "சும்மா கிடக்கிற இடம்"

எங்க குரூப்ல ஒருத்தர் அந்த ரிசார்ட் போட்டோவைப் பார்த்துட்டுச் சொன்னது: "சுத்திலும் வெறும் புல்லுதான் பாஸ், ஒரு டிஸ்டர்பன்ஸும் இல்லை."

வெறும் புல்லு! இந்த வார்த்தைதான் அந்த மலையைப் பாதி தின்னுச்சு. வெள்ளைக்காரன் வந்து பார்த்தப்போ மேட்டுல புல்லு, மடிப்புல குட்டைக்காடு, அதாவது சோலை. மரம் அடர்ந்து நின்னாத்தான் காடு, புல்லுன்னா தரிசுன்னு அவன் கணக்கு. 1877-ல ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசர்கிட்ட கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். அப்புறம் தேயிலை வந்துச்சு. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு யூகலிப்டஸ், கூடவே சீகை மரம். புல்லு போச்சு.

பி.காம். படிச்சவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஜூன்லேர்ந்து மழை கொட்டுதில்லையா, அதை ஒரே நாள்ல செலவு பண்ணிடாம வாங்கி வச்சு, மார்ச், ஏப்ரல் வரைக்கும் மாசாமாசம் வட்டி மாதிரி ஓடையில விடறது அந்தப் புல்லும் சோலையும் அதுக்கடியில இருக்கிற மண்ணும்தான். ஃபிக்ஸட் டெபாசிட். அதுக்கு பாஸ்புக் இல்லை, பேலன்ஸ் ஷீட்ல வராது, அவ்வளவுதான். வராததால அதுக்கு மதிப்பே இல்லைன்னு முடிவு கட்டிட்டோம்.

இரவிகுளத்துப் புல்மேட்டுத் தண்ணி மேற்கே பெரியாறு, சாலக்குடிப் பக்கம் போகுது. கிழக்கே பாம்பாறா இறங்கி அமராவதியாகி உடுமலை, தாராபுரம், கரூருக்கு வருது. பக்கத்துலயே நம்ம ஆனைமலை. அங்கேர்ந்து ஆழியாறு. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி (1970-ல கையெழுத்தாச்சு, 1958-லேர்ந்து அமல்னு கணக்கு) வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணி மணக்கடவு அணையில சித்தூர் பாசனத்துக்கு விடணும். அந்தத் தண்ணி குறைஞ்சா எங்க பக்கம் ரெண்டு மாநிலமும் எப்படி அடிச்சுக்கும்னு நான் சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கேன். எருத்தேன்பதி, வடகரப்பதி மாதிரி கடைமடை ஊருக்காரனுக்கு மேல் மலையில கிடக்கிற புல்லு "வெறும் புல்லு" இல்லீங்க. அது குடிதண்ணி.

இன்னொண்ணு. அந்த "டிஸ்டர்பன்ஸ் இல்லாத" சின்னக்கானல்தான் அரிக்கொம்பன் ஊர். 2000-களின் தொடக்கத்துல யானை நடமாடற இடத்துல ஆதிவாசிகளைக் குடியமர்த்தி 301 காலனின்னு பேர் வச்சாங்க. அப்புறம் யானைக்கும் மனுஷனுக்கும் தகராறு. 2023 ஏப்ரல் 29-ல அந்த யானையைப் பிடிச்சுப் பெரியாறு காட்டுல விட்டாங்க. அது மே மாசம் கம்பத்துக்குள்ள வந்து நின்னுச்சு. ஜூன்ல தமிழ்நாடு பிடிச்சு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோச்சு. நாமும் டிவியில பார்த்து "ஐயோ பாவம்"னோம். பாவம்னு சொன்ன அதே ஆளுங்க இப்போ அதே மலையில ஆறு வண்டியும் ஸ்பீக்கரும் கொண்டுபோறோம்கிறோம். அங்கே யானை இல்லாம போயிடலை, ஒரு யானைதான் போயிருக்கு.

குற்றச்சாட்டு ரெண்டு: "வியூ"வுக்கு யார் காசு வாங்கறது?

ஷீட்ல ஒரு வரி என் கண்ணை உறுத்துச்சு. "வேலி வியூ" ரூம்னா ஒரு ராத்திரிக்கு மூவாயிரம் ரூபா கூட. எதுக்கு? ஜன்னலைத் திறந்தா தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி தெரியுதாம்.

அந்தக் கம்பளத்தை யாருங்க விரிச்சது? தேயிலையை அப்படியே விட்டா மரமா வளந்து நிக்கும். இடுப்பளவுல சமமா நிக்கிறதுன்னா கவாத்து பண்ணி, வாராவாரம் கொழுந்து எடுத்து, மழையிலயும் அட்டைக்கடியிலயும் நின்னு ஒரு கூட்டம் வேலை செஞ்சதால. அந்தக் கூட்டத்துல பெரும்பாலானவங்க திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, தேனிப் பக்கத்துலேர்ந்து நாலஞ்சு தலைமுறைக்கு முன்னாடி மலையேறின தமிழங்க. "வியூ"ங்கிறது அவங்க உழைப்போட உபரி. மூவாயிரம் ரூபாயில அவங்களுக்கு ஒரு பைசா வரவு இல்லை.

2015 செப்டம்பர்ல அந்த அம்மாமார் ரோட்டுல வந்து உட்கார்ந்தாங்க. பெண்கள் ஒற்றுமை, "பொம்பளை ஒருமை"ன்னு பேரு. 20 சதவீத போனஸை 10-ஆ குறைச்சதுதான் தீப்பொறி. அப்போ தினக்கூலி 232 ரூபா, கேட்டது 500. தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே வராதேன்னு விரட்டிட்டு ஒன்பது நாள் மூணாறை நிறுத்தினாங்க. 20 சதவீதத்தை வாங்கினாங்க. கூலி மட்டும் 500 ஆகலை, அடுத்த மாசம் 301-ல முடிஞ்சது. அந்த ஒன்பது நாளும் டூரிஸ்ட் வண்டி நின்னதைத்தான் நம்மாளுங்க பலர் ஞாபகம் வச்சிருக்காங்க. "அந்த வருஷம் போறப்போ ஸ்ட்ரைக்குப்பா, ட்ரிப் வீணாப் போச்சு."

அதுக்கப்புறம் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. பெட்டிமுடி. மலை சரிஞ்சு லயன் வீடுங்க மேல விழுந்துச்சு. 70 பேர். லயன்னா நம்ம பசங்களுக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்க: வரிசையா ஒட்டிக் கட்டின, ஒத்தை ரூம் ஒத்தைச் சமையக்கட்டு மாதிரியான தோட்டத்து வீடு. செத்தவங்கள்ல நிறையப் பேருக்குச் சொந்த ஊர் கயத்தாறு. ராஜமலையில வரையாடு பார்க்க நாம க்யூவுல நிக்கிறோமே, அங்கேர்ந்து பெட்டிமுடி ஒண்ணும் தூரமில்லை.

அங்கே போய்ப் பாருங்கன்னு நான் சொல்லலை. தயவு செஞ்சு போகாதீங்க. அது செல்ஃபி ஸ்பாட் இல்லை. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நாலு ராத்திரி தங்கற ஊர்ல 70 பேர் ஏன் செத்தாங்கன்னு தெரியாம திரும்பி வர்றது எனக்கு ஒப்பலை.

குற்றச்சாட்டு மூணு: பேச்சுல தேவிகுளம், நேர்ல இங்கிலீஷ்

இது வெளிநாட்டுத் தமிழனுக்குன்னே எழுதறது.

1956 நவம்பர் 1-ல மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போ கன்னியாகுமரிப் பக்கம் நாலு தாலுக்காவும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்துச்சு. தேவிகுளம், பீர்மேடு கேரளாவுக்குப் போச்சு. இதைப் பத்திப் பேசச் சொன்னா நம்மாளு விடிய விடியப் பேசுவான். "நம்ம மண்ணு போச்சே"ன்னு கண்ணுல தண்ணி வரும்.

அதே ஆளு மூணாறு ரிசார்ட்ல போய், "ஒன் ஹாட் வாட்டர் ப்ளீஸ்"ங்கிறான். எதிர்ல நிக்கிற பையன் தமிழ்ப் பையன். அவங்கப்பா தோட்டத்துல வேலை பார்த்தவர். அவன் தமிழ்ல பதில் சொன்னதும் நம்மாளு முகத்துல ஒரு ஆச்சரியம்: "ஓ, யூ ஆர் தமிழ்?"

மண்ணைப் பத்திக் கவலைப்படற அளவுக்கு மண்ணு மேல இருக்கிற மனுஷனைப் பத்திக் கவலையில்லைன்னா அது என்ன பற்று? எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட தமிழன் வீட்ல பொறந்தவன்கிற முறையில கேக்கறேன். எங்களுக்கு உங்க கண்ணீர் வேணாங்க. வந்தா "எந்த ஊருங்க, எத்தனை தலைமுறையா இங்கே இருக்கீங்க, பசங்க எந்த ஸ்கூலு, தமிழ் மீடியம் இன்னும் ஓடுதா?"ன்னு நாலு வார்த்தை கேளுங்க. போதும்.

டாப் ஸ்டேஷன்ல எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு கேட்டா தெரியாது. குண்டளைப் பள்ளத்தாக்குல ஓடின குட்டி ரயிலோட மேல் முனை அது. அங்கேர்ந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில கொட்டகுடிப் பக்கம் இறங்கி போடிநாயக்கனூருக்குப் போச்சு. 1924 வெள்ளம் அந்த ரயிலையே அடிச்சுட்டுப் போயிடுச்சு. அந்த இடம் இன்னிக்கும் தேனி மாவட்டம், தமிழ்நாடு. "தேவிகுளம் போச்சே"ன்னு அழுதவங்க, தமிழ்நாட்டுக்குள்ள நின்னுக்கிட்டு "கேரளா இஸ் பியூட்டிஃபுல்"னு ஸ்டேட்டஸ் போடறாங்க. என்னத்தைச் சொல்ல.

குற்றச்சாட்டு நாலு: இங்கே ஒரு முகம், அங்கே ஒரு முகம்

இதுதான் எனக்கு ரொம்ப எரியுது.

ஷெஃபீல்டுக்கு மேற்கே பீக் டிஸ்ட்ரிக்ட். மேட்டு நிலம், மரமில்லாத பரப்பு, ஹெதர் செடி, கரி மண்ணு, ஊசிக்காத்து. இதுக்கு இங்கே மூர்னு பேரு. போன வருஷம் மே மாச பேங்க் ஹாலிடேக்கு இதே ஏழு குடும்பமும் ஒரு பழைய பண்ணை வீட்ல மூணு ராத்திரி தங்கினோம். சுவத்துல ஒட்டியிருந்த விதிகள் ஒண்ணரைப் பக்கம். ராத்திரி பத்துக்கு மேல சத்தம் கூடாது. பார்பிக்யூ கூடாது. கேட்டைத் திறந்தா மூடணும். மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும் மூர்ல நாயைக் கயித்துல பிடிக்கணும், தரையில குருவி கூடு கட்டற காலம்.

ஒரு விதி கூட மீறலைங்க நம்ம சனம். பத்து மணிக்குக் குழந்தையை "ஷ்ஷ்"னு அடக்கினாங்க. குப்பையைப் பிரிச்சுப் பையில கட்டி வண்டியில எடுத்துட்டு வந்தாங்க.

இதே சனம்தான் மூணாறுல கேம்ப் ஃபயர் கேக்குது. வரையாடு குட்டி போடற காலத்துல ராஜமலையை மூடினா, "ஃபாரஸ்ட்ல யாரையாவது தெரியுமா?"ன்னு சிபாரிசு தேடுது. குருவிக்கு மரியாதை, வரையாட்டுக்குக் கிடையாதா? தமிழ்நாட்டோட மாநில விலங்குங்க அது!

புல்லுல நெருப்புன்னா என்னன்னு நமக்குத் தெரியாததா? 2018 மார்ச் 11, குரங்கணி. கொழுக்குமலையிலேர்ந்து இறங்கின மலையேற்றக் குழு, சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைங்க. காஞ்ச புல்லுல தீ ஓடி வந்து 20-க்கும் மேலே உயிர் போச்சு. அதே வருஷம் ஜூன்ல இங்கே மான்செஸ்டர் பக்கம் சாடில்வொர்த் மூர் எரிஞ்சு ராணுவத்தைக் கூப்பிட்டாங்க. மலை வேற, புல்லு வேற, நெருப்பு ஒண்ணுதான்.

வெள்ளைக்காரன் ஒழுங்கு, நாம மோசம்னு சொல்ல வரலை. இந்த மூரையும் வேட்டைக்குன்னு பணக்காரங்க வேலி போட்டு வச்சிருந்தாங்க. 1932 ஏப்ரல் 24-ல மான்செஸ்டர் மில் தொழிலாளிங்க கூட்டமா கிண்டர் ஸ்கௌட் மேல ஏறிட்டாங்க, சிலர் ஜெயிலுக்குப் போனாங்க. 1951-ல அது தேசியப் பூங்கா ஆச்சு, 2000-ல நடக்கற உரிமைக்குச் சட்டம் வந்துச்சு. வடிகால் வெட்டிக் காயவச்ச கரி மண்ணுல இப்போ காசு செலவு பண்ணிப் பாசி நட்டுக்கிட்டிருக்காங்க. கெடுத்தவங்கதான், ஆனா சரி பண்ண முடியும்னு காட்டறாங்க. விதி எங்கே கறாரா இருக்கோ அங்கே மட்டும் நல்லவனா இருக்கிறதுக்குப் பேர் ஒழுக்கம் இல்லை, பயம்.

வரப்போற பதில்களுக்கு என் பதில்

"டூரிசத்தாலதானே அவங்களுக்கு வேலை?" நிஜம். ஜீப் ஓட்டறவர், டீக்கடை, ஹோம்ஸ்டே, எல்லாருக்கும் பிழைப்பு. அதனாலதான் போகாதீங்கன்னு சொல்லலை. காசு யார் கைக்குப் போகுதுன்னு பார்த்துக் கொடுங்கன்னு சொல்றேன்.

"சட்டவிரோதமா இருந்தா கவர்ன்மென்ட் பார்த்துக்கும்." பார்த்துச்சே! 2007-ல முதல்வர் அச்சுதானந்தன் மூணு அதிகாரிகளை அனுப்பி ஆக்கிரமிப்பு ரிசார்ட்டை ஜேசிபி வச்சு இடிச்சார். கொஞ்ச நாள்ல அவர் கட்சிக்கூட்டணியே கையைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. ஊட்டி, கொடைக்கானலுக்கு ஹைகோர்ட் சொல்லித்தான் 2024 மே மாசம் இ-பாஸ் வந்துச்சு. கவர்ன்மென்ட் வர்ற வரைக்கும் நாம காத்திருக்க வேணாம். லோன் கொடுக்கறதுக்கு முன்னாடி பத்திரம் பார்க்கறோமில்ல? ரூம் போடறதுக்கு முன்னாடி, "இடம் பட்டாவா, தண்ணி எங்கேர்ந்து எடுக்கறீங்க, கழிவு எங்கே போகுது?"ன்னு மூணு கேள்வி கேளுங்க. பதில் சொல்லத் திணறினா புக் பண்ணாதீங்க.

"வருஷத்துக்கு ஒருதடவைதானே வர்றோம்?" நாம ஒருதடவை. அந்த மலைக்கு தினமும் ஒருத்தர் ஒருதடவை வர்றார்.

"ஏரோப்ளேன்ல வர்றவன் புல்லைப் பத்திப் பேசலாமா?" பேசலாம். ப்ளேன் ஏறினதுக்காக மிச்சத்தையும் மிதிக்கணும்னு சட்டமில்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

குறை சொல்லிட்டுப் போறது சுலபம். என் ஷீட் இது. முகட்டு ரிசார்ட் வேணாம். மறையூர், காந்தளூர் இல்லைன்னா மூணாறு டவுன்ல உள்ளூர்க்காரங்க நடத்தற ரெண்டு மூணு ஹோம்ஸ்டே. ஆறு வண்டிக்குப் பதிலா ஒரே பஸ். உடுமலை, சின்னாறு வழியா ஏறினா மழை மறைவுக் காட்டுலேர்ந்து புல்மேடு வரைக்கும் மலை எப்படி மாறுதுன்னு பசங்க ஜன்னல்லயே பார்க்கும். மறையூர்ல முனியறை இருக்கு, சந்தனக்காடு இருக்கு, வெல்லம் காய்ச்சறதைப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரே இடம். கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர் ரெண்டும் கட். ஷீட்ல மிச்சமாகிற காசுல தோட்டத்துப் பிள்ளைங்க படிக்கிற ஒரு தமிழ் மீடியம் ஸ்கூல் லைப்ரரிக்குப் புத்தகம். வாத்தியார்கிட்ட என்ன வேணும்னு முதல்ல கேட்டுட்டு.

இதைக் குரூப்ல போட்டேன். ரெண்டு குடும்பம் சரின்னாங்க. மூணு குடும்பம் "அண்ணா, லீவுல கூட ஆடிட்டா?"ன்னாங்க. மிச்ச ரெண்டு இன்னும் பதில் சொல்லலை. ரிசார்ட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி. அட்வான்ஸ் கட்டினா நானும் என் வீட்டுக்காரம்மாவும் பசங்களும் அந்த நாலு நாள் எருத்தேன்பதியில இருப்போம். இதை மிரட்டலா எடுத்துக்கிட்டாலும் சரி.

கடைசியா ஒரு தேதி குறிச்சு வச்சுக்கோங்க. குறிஞ்சி 1994-ல பூத்துச்சு, 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்தப்போ வெள்ளம் வந்து ரோடே போச்சு. அடுத்தது 2030. அன்னிக்கு உலகத்துல இருக்கிற தமிழன் பாதிப் பேர் அந்த மேட்டுக்கு டிக்கெட் போடுவான். அப்போ எப்படி நடந்துக்கப் போறோம்கிறதை 2030-ல யோசிக்க முடியாது. இந்த டிசம்பர்லயே பழகணும்.

பி.கு.: எருத்தேன்பதியில வியூ கிடையாது. தென்னந்தோப்பு, பொட்டல் காத்து, தெற்கே தூரத்துல நீலமா மலை. வர்றவங்க வரலாம், மோர் கிடைக்கும். தண்ணியை மட்டும் பார்த்துச் செலவு பண்ணணும்.